பத்து பேரில் இருவர் கைநாட்டு: வேட்புமனு தள்ளுபடி ஆகிவிடுமா?

என் சித்தி சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். மனு கொடுக்க இன்னும் 2 நாள்தான், கடைசி நாள் மதியம் 3 மணி வரை.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். கையெழுத்துப் போட ஊரில் பலருக்குப் பயம், அதனால் இந்தப் பத்துப் பேரைச் சேர்க்கவே ஒரு வாரம் ஆனது. அவர்களில் இரண்டு பாட்டிகள் வீட்டிலேயே கைநாட்டு வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, கைநாட்டு என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அலுவலர் முன்போ வைத்து, அவர் சான்றளிக்க வேண்டுமாம்.

பத்துப் பேரின் பாகம் எண், வரிசை எண்ணை வாக்காளர் பட்டியலில் சரிபார்த்துவிட்டோம். மாற்று ஆள் தேடி நான்கு தெரு அலைந்தோம், யாரும் வரவில்லை. ஒரு வேட்பாளர் 4 மனு வரை கொடுக்கலாம் என்பதால் புது வேட்புமனுப் படிவம் (2பி) வாங்கி, மற்ற எட்டுப் பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கியாயிற்று. டெபாசிட் 10,000 ரூபாய் தயார்.

ஒரு பாட்டியால் நடக்கவே முடியாது. தேர்தல் நடத்தும் அலுவலர் இருக்கும் தாலுகா அலுவலகம் 22 கிலோமீட்டர்.

தேர்தல் நடத்தும் அலுவலரைத் தவிர, ஊருக்கே வந்து கைநாட்டுக்குச் சான்றளிக்க அதிகாரம் உள்ள அலுவலர் யார்?