மறு: ‘எக்ஸ்போஷர்’ – ‘ஒளிகாட்டல்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

புகைப்படக் கலைச்சொற்களுக்கான இந்த இழையில் ‘எக்ஸ்போஷர்’ (பிலிமின் மேல் ஒளி விழச் செய்வது) என்பதற்கு இதுவரை வெளிப்பாடு, ஒளிவீழ்ச்சி, திறப்பளவு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. மாற்றாகச் சொல்ல எதுவும் இல்லாததால் பேசாமல் இருந்தேன். சென்ற சனி, ஞாயிறு மன்னார்குடியில் பெரியம்மா வீட்டில் இருந்தபோது ஒரு சொல் காதில் விழுந்தது. அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மே மாத வெயில். வீடு நிறைய ஆட்கள், நுங்கு, மதியத் தூக்கம். பெரியப்பா இருபது வருடங்களுக்கு முன்பு வரை ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவருடைய பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவில் பிலிம் போட்டுப் படம் எடுக்கக் கற்றுக்கொள்வதுதான் நான் போனதன் நோக்கம். முழுக்க எந்திர விசையில் ஓடும் கேமரா அது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை பிலிம் வாங்கிப் போயிருந்தேன்.

மொட்டை மாடியில் பெரியம்மா வெள்ளை வேட்டி விரித்துக் கூழ் வடகம் ஊற்றியிருந்தார். அதையே முதல் படமாக எடுக்கலாம் என்று வியூஃபைண்டரில் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பெரியப்பா தடுத்தார். “வெள்ளை வேட்டியப் பாத்து மீட்டர் ஏமாந்துடும், வேட்டி சாம்பலா வந்துடும். இன்னும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் காட்டு.” (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிக்கும், குறைத்தால் பாதியாகும்.) அதே நேரத்தில் அந்தப் பக்கம் பெரியம்மா என் அக்காவிடம், “இதுக்கு இன்னும் ஒரு வெயில் காட்டணும்டி, அடியில ஈரம் இருக்கு” என்றார்.

கேமராவை இறக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். இருவரும் ஒரே வினையைச் சொல்கிறார்கள். வடகத்துக்கு வெயில் காட்டுகிறோம், சாமிக்குத் தீபம் காட்டுகிறோம், அப்பளத்தை நெருப்பில் காட்டி எடுக்கிறோம். ஒரு பொருளை வேண்டிய அளவுக்கு, வேண்டிய நேரத்துக்கு மட்டும் ஒன்றின் முன் வைத்து எடுப்பதற்குத் தமிழில் ‘காட்டு’ என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது. பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் செய்வதும் அதைத்தான். ஆகவே என் பரிந்துரை: ஒளிகாட்டல்.

இதோடு ‘வெளிப்பாடு’ என்பதை வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளியே வருவதுதான் வெளிப்பாடு. பிலிமில் நடப்பது இதற்கு நேர் எதிர், வெளியே உள்ள ஒளி உள்ளே போகிறது. இந்தச் சொல்லை முதன்முதலாகப் படிக்கும் மாணவருக்கு அது தப்பான படத்தை மனதில் போட்டுவிடும். எனக்கு இதில்தான் உண்மையான வருத்தம். கடினமான சொல்லைக்கூடப் பழகிக்கொள்ளலாம், திசை தவறிய சொல்லோடு காலம் தள்ள முடியாது.

இன்னொரு பயன் அன்று மாலை தெரிந்தது. பிலிமைச் சுற்றி டப்பாவுக்குள் ஏற்றாமலேயே நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். உடனே மூடியும் பெரியப்பா சொன்னது: “போச்சு, வெளிச்சம் பட்டுடுச்சு.” கவனியுங்கள், காட்டியாச்சு என்று சொல்லவில்லை, பட்டுவிட்டது என்கிறார். நாமாகச் செய்தால் ‘காட்டு’, தானாக நேர்ந்தால் ‘படு’. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். நம் வினைகள் தாமாகவே பிரித்துத் தருகின்றன. எனவே தவறி ஒளி புகுந்த பிலிமை ‘ஒளிபட்ட பிலிம்’ என்றே சொல்லலாம். (சுருளின் வெளிச்சுற்றில் இருந்த கடைசிப் படங்கள் மட்டும்தான் போயின. வடகம் பிழைத்துக்கொண்டது.)

> ஆங்கிலத்தில் ஒரே சொல்தானே, தமிழிலும் ஒன்றாக இருந்தால்தான் மொழிபெயர்ப்பவர்களுக்கு வசதி.

இழையில் ஒருவர் எழுதிய இதை நான் ஏற்கவில்லை. ‘36 எக்ஸ்போஷர்’ என்று பிலிம் டப்பாவில் போட்டிருப்பது படங்களின் எண்ணிக்கையை. நல்ல வெயிலில் 400 பிலிமுக்கு எஃப்16 திறப்பு, 1/500 வினாடி என்று பெரியப்பா மனக்கணக்காகச் சொல்வது ஒளியின் அளவை. ஷட்டர் திறந்து மூடுவது செயல். முதலாவதற்குப் ‘படம்’ போதும், 36 படம் என்றுதான் எந்தக் கடையிலும் கேட்போம். இரண்டாவது ஒளியளவு. செயலுக்கு மட்டும்தான் ஒளிகாட்டல். இதிலிருந்து இரட்டை ஒளிகாட்டல், ஒளிகாட்டும் நேரம் எல்லாம் இயல்பாக வருகின்றன. ஓவர், அண்டர் என்பவற்றை மிகையொளி, குறையொளி எனலாம்.

> திசைகாட்டி, வழிகாட்டி போல இது ஒளியைக் காட்டும் கருவி என்று பொருள்படாதா? ‘ஒளிக்காட்டல்’ என ஒற்று மிக வேண்டாமா?

(‘காட்டு’ என்ற வினையைக் குறித்து மட்டும் ஞாயிறு இரவு ஒரு வரி எழுதியிருந்தேன், அதற்கு வந்த பதில் இது.) ‘ஒளிகாட்டி’ என்றால் அந்தக் குழப்பம் வரும், சரி. அந்த வடிவத்தை நாம் பயன்படுத்தத் தேவையே இல்லை. அளக்கும் கருவிக்கு ஒளிமானி இருக்கிறது. ஒற்றைப் பொறுத்தவரை, ‘பிலிமுக்கு ஒளியைக் காட்டு’ என்று விரிப்பதால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. வழிகாட்டல் போல இயல்பாகவே நிற்கும். ‘ஒளியில் காட்டு’ என்று ஏழாம் வேற்றுமையாக விரித்தால் மிகும் என்று வாதிடலாம். பெரியம்மா ‘வடகத்துக்கு வெயில் காட்டு’ என்கிறார், நான் அவர் பக்கம்.

மற்றச் சொற்களில் சிலவற்றுக்கு நாம் உழைக்கவே தேவையில்லை. டெவலப் செய்வதை ஊரில் எல்லோரும் ‘பிலிம் கழுவுறது’ என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிறு காலை அதையும் செய்தோம். மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும், தொட்டித் தண்ணீரோ 32. பேசினில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி அதற்குள் பாட்டிலை வைத்துக் காத்திருந்தோம். பிறகு ஏழரை நிமிடம். ஈரமான சுருளைத் தூக்கிப் பிடித்தபோது, நெகட்டிவ் என்பதால், வேட்டி கறுப்பாகவும் வடகங்கள் அதில் சாம்பல் பொட்டுகளாகவும் தெரிந்தன. ‘கழுவுதல்’ என்ற சொல்லை நீக்கிவிட்டு உருத்துலக்கல் என்று எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது.

ஒரு வேண்டுகோள். 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ (Indu) என்ற பெயரில் பிலிமும் படம் அச்சிடும் தாளும் அங்கிருந்து வந்தன. பெரியப்பா வாங்கிய தாள் பெரும்பாலும் அதுதான். இருட்டில் நின்று பிலிமுக்கு மருந்து பூசி, வெட்டி, சுருட்டிய தமிழ்த் தொழிலாளிகள் தங்களுக்குள் என்ன சொற்களைப் பேசினார்கள்? அந்த ஆலை இருந்த இந்துநகரில் வேலை பார்த்தவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ‘காட்டு’ அங்கேயும் புழங்கியதா என்று குறிப்பாகக் கேளுங்கள். வேறு நல்ல வினை கிடைத்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

‘ஸ்டாப்’ என்பதற்கு எனக்கு எதுவும் அகப்படவில்லை. ‘மடங்கு’ என்றால் பாதியாகக் குறைப்பதைச் சொல்ல முடியவில்லை. இப்போதைக்கு ஸ்டாப் என்றே வைத்துக்கொண்டு, அதற்குத் தனி இழை தொடங்கலாம்.