ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவர்களிடம் விளக்கம் வேண்டும்

குழு அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டின் மும்முனை மின் இணைப்புக்கு, அளவீட்டைத் தானாக மின்வாரியத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது குறித்து யோசித்து வருவதால், சென்னை தியாகராய நகரில் முன்னோடித் திட்டத்தின்போதே அதைப் பெற்றவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன். மாடிப்படிக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் எங்கள் மீட்டர் அருகே கைப்பேசி சிக்னல் ஒரு கோடுகூட நிற்பதில்லை. இத்தகைய இடத்திலிருந்து அளவீடு தானாகச் சென்று சேருமா, அல்லது கணக்கீட்டாளர் வழக்கம்போல வந்து அட்டையில் குறித்துச் செல்வாரா? இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதியின் கட்டண விகிதமும் கூடிவிடுவதால், அன்றாடப் பயன்பாட்டைச் செயலியில் பார்க்க முடிவதுதான் (அது ஒழுங்காக வேலை செய்யுமானால்) எனக்குப் பெரிய பயன். மாடியில் குடியிருப்போருக்கு வைத்துள்ள துணை மீட்டரை அப்படியே விட்டுவைக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.