இ.டி.டி.சி: ஒவ்வொரு விவரமும் 89 சதவீதம், மொத்தம் மட்டும் ஏன் அதல பாதாளத்தில்?

கேள்வி: அமெரிக்காவில் 25 படுக்கை உள்ள கிரிட்டிக்கல் ஆக்சஸ் மருத்துவமனை (கிராமப்புறச் சிறு மருத்துவமனை). எமர்ஜென்சியிலிருந்து வேறு மருத்துவமனைக்கு மாற்றி அனுப்பிய 45 நோயாளிகளின் பதிவுகளை இ.டி.டி.சி-க்காக (மாற்றும்போது தேவையான விவரங்களும் போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்கும் அளவீடு) பார்த்தோம். அனுப்ப வேண்டிய 8 விவரங்களும் தனித்தனியே 89 சதவீதம். மொத்த மதிப்பெண் 11 சதவீதம். கணக்கில் பிழையா?

பதில் 1: பிழையே இல்லை. எட்டும் இருந்தால்தான் அந்தப் பதிவு தேறும். ஒவ்வொரு விவரமும் 5 பதிவுகளில் விடுபட்டு, அவை வெவ்வேறு நோயாளிகளாக இருந்தால் 40 பேரின் பதிவு தேறாது. மிஞ்சுவது 5 பேர்தான். சராசரியைப் பார்க்காதீர்கள். எந்த ஷிஃப்டில், எந்த விவரம் விடுபடுகிறது என்று பாருங்கள்.

பதில் 2: வீட்டில் சாப்பிடும் மருந்துகளையும் ஒவ்வாமையையும் முதலில் தேடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் 'இல்லை' என்று அர்த்தமாகாது, யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். 'மருந்து எதுவும் இல்லை' என்று எழுதியே ஆக வேண்டும். மனநிலை மதிப்பீடும் அப்படித்தான்: கை முறிவுக்கு வந்தவர் தெளிவாகப் பேசுகிறாரே என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

பதில் 3: இன்னொன்று, எழுதினால் மட்டும் போதாது, அனுப்பியதற்கும் பதிவு வேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு டாக்டர் குறிப்பை முடித்தால், தனியாக அனுப்பாவிட்டால் அது அடுத்த மருத்துவமனைக்குப் போய்ச் சேராது. குறிப்பை ஃபேக்ஸ் செய்தவர், நேரம் இரண்டையும் குறிக்க ஒரே ஒரு நர்ஸைப் பொறுப்பாக்குங்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர் தலையில் அடிபட்டு அங்கே போகும்போது, அந்த மருந்தைப் பற்றிய ஒரு வரிதான் அங்கே சிகிச்சையைத் தீர்மானிக்கும்.