எங்கல்பெர்க்கில் மழை, மேலே புதுப்பனி 25 செ.மீ.: எதை நம்புவது?

செந்தூல்காரன்:
வணக்கம் மக்களே. மார்ச் கடைசியில் அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் சுவிட்சர்லாந்து போகிறோம். எங்கல்பெர்க்கில் மூன்று இரவு, டிட்லிஸ் மலை உச்சி எல்லாருக்கும், பனிச்சறுக்குப் பாடம் இரண்டு நாள் எனக்கும் தம்பிக்கும் மட்டும். வெள்ளியைக் கொட்டி விமான டிக்கெட், பாடம் எல்லாம் வாங்கியாயிற்று, டிட்லிஸ் டிக்கெட் மட்டும் பாக்கி. இப்போது வேலை முடிந்து எல்ஆர்டி ரயிலில் வரும்போது தினமும் அந்த ஊர் வானிலையைப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது, பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. இன்று போனில் "எங்கல்பெர்க் 6 டிகிரி, மழை". அதே நேரத்தில் மலை அறிக்கையைத் திறந்தால் மேலே புதுப்பனி 25 செ.மீ., மொத்தம் 3 மீட்டருக்கு மேல், ஊரில் 0, காற்று 40 கி.மீ., 0 டிகிரி கோடு 1,900 மீட்டர், பனிச்சரிவு அபாயம் 3. ஐந்துக்கு மூன்றுதானே, பாஸ் மார்க் என்கிறான் தம்பி. போகலாமா, பாடத்தை ரத்து செய்து காசைத் திரும்பக் கேட்கலாமா? எது உண்மை?

கொடிமலை அக்கா (பினாங்கு):
எல்லாமே உண்மைதான் தம்பி, ஒவ்வொன்றும் வேறு உயரத்துக்கு. போன் சொல்வது ஊருக்கு, அது சுமார் 1,000 மீட்டர். டிட்லிஸ் கேபிள் கார் உங்களை இறக்கிவிடும் இடம் 3,020 மீட்டர். இங்கே மலையடியில் ஆயிர் ஈத்தாமில் வியர்த்து ஊற்றும்போது கொடிமலை உச்சியில் ஐந்து டிகிரி குறைவாக இருக்கிறது, அது வெறும் 833 மீட்டர்தான். கணக்கு ஒன்றே: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி இறங்கும். ஊரில் 6 என்றால் நடுவில் ட்ரூப்ஸே ஏரிப் பக்கம் (1,800 மீட்டர், நம்ம கெந்திங் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) 1 டிகிரி, உச்சியில் மைனஸ் 7. அதில் 40 கி.மீ. காற்று சேர்ந்தால் தோலுக்கு மைனஸ் 17 போல உறைக்கும். அம்மாவுக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம், மழை இல்லை.

0 டிகிரி கோட்டைத்தான், அதாவது காற்று 0 டிகிரியைத் தொடும் உயரத்தைத்தான், முதலில் பார்க்க வேண்டும். பனி அந்தக் கோட்டிலேயே மழையாக மாறுவதில்லை, உருகிக்கொண்டே இன்னும் 200, 300 மீட்டர் கீழே வரும். அதனால் உங்கள் அறிக்கைப்படி 1,650 மீட்டருக்குக் கீழே மழை, ட்ரூப்ஸேயில் நசநசவென்று ஈரப்பனி, மேலே நல்ல காய்ந்த பனி. மழை அடித்துப் பெய்தால் குறுகிய பள்ளத்தாக்குகளில் காற்றே குளிர்ந்து பனி எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்குவதும் உண்டு.

நமக்குப் பிரச்சினை என்னவென்றால் கேமரன் மலையில் காலையில் மூடுவதும் பனி, புல்லில் நிற்பதும் பனி, அங்கே கொட்டுவதும் பனி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் அறிக்கையைப் படித்தால் ஒன்றும் விளங்காது. ஐஸைச் சீவித் தரும் ஐஸ் காச்சாங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சீவியதும் பஞ்சு போல, அதுதான் புதுப்பனி. கதை பேசிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் கூழ். அந்தக் கூழை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கரண்டி வளையும். மார்ச் கடைசியில் வெயில் படும் சரிவுகளில் தினமும் இதே கதைதான்: ராத்திரி தெளிவாக இருந்தால் இறுகி, காலை எட்டு மணிக்குப் பாறை மாதிரி, பத்து பதினொன்றுக்கு மேல்பரப்பு மட்டும் இளகி அருமையாக இருக்கும், மதியம் இரண்டுக்கு முழங்காலை இழுக்கும் சேறு. வடக்குப் பார்த்த சரிவில் வெயில் குறைவு, பனி அதிக நாள் நல்லபடி இருக்கும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு விடிந்ததும் அந்தக் கண்ணாடிப் பரப்பில் விழுவதைவிட நடுக்காலை நல்லது, பாடம் அந்த நேரத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பழைய சூரிக் மாணவன்:
அக்கா சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம்.

தம்பியிடம் சொல்லுங்கள், அது பாஸ் மார்க் இல்லை. 3 என்றால் ஜெர்மனில் அவர்கள் எழுதும் சொல்லுக்கு "கணிசமான" என்று பொருள். சுவிஸில் பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 3 போட்ட நாட்களில்தான் சாகிறார்கள். 5 போட்டால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், 3 போட்டால் வெயிலும் புதுப்பனியும் பார்த்து ஆசை வந்துவிடும். 5 அபூர்வம்: 2018 ஜனவரியில் வாலே மாநிலத்தில் அப்படிப் போட்டபோது செர்மாட்டுக்குச் சாலையும் ரயிலும் நின்று, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஆனால் இந்த எண் கட்டுப்பாட்டில் உள்ள தடங்களுக்கு வெளியே இருக்கும் திறந்த மலைக்கு. தடத்தைத் திறப்பதற்கு முன் அங்குள்ள பாதுகாப்புக் குழு தேவைப்பட்டால் வெடி வைத்தே பனியை இறக்கிவிடும். உங்களுக்கு ஒரே விதி, கயிறு கட்டியிருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது, ஏற்கெனவே யாரோ போன தடம் தெரிந்தாலும். இந்த அபாய அறிக்கை டாவோஸில் உள்ள எஸ்எல்எஃப் என்ற பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வருகிறது, குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும். முந்தின நாள் எண்ணைப் பார்த்துப் போகாதீர்கள்.

இரண்டாவது ஃபோன் காற்று. இது போன் இல்லை, தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வரும் காற்று. தெற்குப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வடக்கே இறங்கும்போது சூடாகி, காய்ந்து வரும். ஜெர்மனில் முடி காய வைக்கும் கருவிக்கும் இதே பெயர். வானம் பளிச்சென்று இருக்கும், ஊரில் இதமாக இருக்கும், மேலே காற்று பலமாக அடிப்பதால் கேபிள் கார் ஓடாது. நான் ஒரு முறை (எந்த மலை என்று சொல்ல வேண்டாம்) நீல வானத்தை மட்டும் பார்த்து நாள் டிக்கெட் வாங்கிவிட்டு, பாதி மலையில் சூப் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மேல் பகுதி கடைசிவரை திறக்கவே இல்லை.

செந்தூல்காரன்:
நன்றி அக்கா, அண்ணே. தம்பி வாயை மூடிக்கொண்டான். அப்படியென்றால் ஊரில் மேகமூட்டம் என்று போட்டிருந்தால் மேலே போவது வீண்தானே?

கொடிமலை அக்கா (பினாங்கு):
அதுவும் தலைகீழாகலாம். காற்று அசையாத நாட்களில் குளிர்ந்த காற்று கீழே தேங்கிவிடும், கீழே லூசர்ன் நகரம் முழுக்கச் சாம்பல் மூட்டம், அதற்கு மேலே போனால் சுள்ளென்று வெயில், காலுக்குக் கீழே மேகக் கடல். அந்த நாளில் நான் சொன்ன 6.5 கணக்கும் செல்லாது, மேலேதான் சூடு. இதற்கு வெப்கேம்தான் மருந்து. பசியாறும்போதே உச்சி, ட்ரூப்ஸே, ஊர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், மேகத்துக்குள் இருக்கிறது. அதில் சறுக்கினால் எது மேடு, எது பள்ளம் என்றே தெரியாமல் தலை சுற்றும், புதிதாகக் கற்கும் நீங்கள் அன்றைக்கு ஏற வேண்டாம்.

பாடத்தை இப்போதே ரத்து செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு முந்தைய வானிலை உங்கள் வானிலை இல்லை. மூன்று நாள் முன்னால் பார்க்கத் தொடங்குங்கள், அம்மாவின் டிட்லிஸ் டிக்கெட்டை மட்டும் முதல் நாளே வாங்காமல் பொறுத்திருங்கள், மூன்று நாளில் எந்தக் காலை தெளிவோ அன்று ஏறட்டும்.

பங்சார் பாலா:
குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள் லா. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், அதோடு உயரம் கூடக் கூட வெயிலும் கடுமை. நான் கண்ணாடி போட்டேன், மூக்குக்குக் கீழே வெயில் களிம்பு போட மறந்தேன். தாடை உரிந்து ஒரு வாரம் சம்பல் சாப்பிட முடியவில்லை.