புதுப்பிப்பு: புதுத் தொட்டிக்கு மீன் வாங்கியாச்சு

60 லிட்டர் புதுத் தொட்டிக்கு எந்த மீன் சுலபம் என்று கேட்டிருந்தேன். பலர் கப்பி என்றீர்கள், சிலர் நியான் டெட்ரா. எங்கள் போர் தண்ணீர் ரொம்பக் கடினம் (சுண்ணாம்புச் சத்து அதிகம்), அதற்குக் கப்பிதான் சரி. நியான் மென்னீர் மீன். புதுத் தொட்டியில் தாங்காது.

முதலில் மீன் இல்லாமல், கொஞ்சம் தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓடவிட்டேன். தீனி அழுகி வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் என்று வந்த பிறகே சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனேன். ஆண் கப்பியாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஆணுக்கு அடித்துடுப்பு ஒல்லியாக நீண்டிருக்கும், பெண்ணுக்கு விசிறிபோல விரிந்திருக்கும். பெண்ணும் சேர்ந்தால் மாதாமாதம் குட்டிதான்!

எல்லாம் நன்றாகச் சாப்பிடுகின்றன. அப்புறம், கூட ஜீப்ரா டேனியோ விடலாமா? வாலைக் கடிக்குமா?