மழைக்காலத்தில் பசளைக் குவியலின் சூடு இறங்கிவிடுகிறது: பிழை அளவீட்டிலா, குவியலிலா?

கேள்வி: மேற்பார்வையாளன்

வணக்கம். கொழும்புக்கு அருகிலுள்ள ஒரு கழிவு முகாமைத்துவ நிலையத்தில் சேதனப் பசளைப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். மொத்தச் சந்தையிலிருந்து வரும் மரக்கறிக் கழிவையும், வீடுகளிலிருந்து பிரித்துச் சேர்க்கப்படும் உக்கக்கூடிய குப்பையையும் 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம் கொண்ட நீள்குவியல்களாக அடுக்குகிறோம். மே மாதத்து மழை தொடங்கியதிலிருந்து, மூன்றாம் நாளில் 58 பாகை செல்சியஸ் வரை ஏறும் வெப்பநிலை ஆறாம் நாளில் 44க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. நாள்தோறும் பெக்கோவால் (மண் அள்ளும் இயந்திரத்தால்) புரட்டும்படி மேலதிகாரி சொல்கிறார்; அப்படிச் செய்தும் சூடு ஏறவில்லை, நாற்றம்தான் ஏறியது. வெப்பநிலையைக் காலையில் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரு சாண் ஆழத்தில் அளக்கிறோம். குவியல் உக்கி முடிந்துவிட்டது என்று இதைக் கொள்ளலாமா?

பதில் 1: பழைய பெக்கோ

தம்பி, மரக்கறிக் கழிவு ஆறு நாளில் உக்கி முடியாது. உங்கள் குவியல் மூச்சுத் திணறிக் கிடக்கிறது. 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு நாளில், உங்கள் குவியலொன்று 30 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொண்டால் அதன் மீது 9,000 லீற்றர் நீர் விழுகிறது என்பதைக் கணக்குப் பார்த்தால் விடயம் விளங்கும். ஈரப்பதன் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில், துகள்களுக்கு இடையிலுள்ள வெளியை நீர் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போக வழியில்லை. புரட்டும்போது புகும் ஒட்சிசனைப் புதிய கழிவிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே தின்று தீர்த்துவிடும். நாளாந்தம் புரட்டுவதால் இருந்த சூடும் வெளியேறி, இருந்த கட்டமைப்பும் நொறுங்கிக் களியாகிறது.

குவியல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அறிய, இருபது லீற்றர் பெயின்ட் வாளி ஒன்றை எடுங்கள். குவியலிலுள்ள கழிவால் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, அரை அடி உயரத்திலிருந்து பத்துத் தடவை நிலத்தில் விழவிடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பி மறுபடியும் பத்து. முழுதாக நிரப்பி இன்னொரு பத்து. பிறகு வாய்வரை நிரப்பி நிறுங்கள். வாளியின் எடை கழித்து 12 கிலோவை அண்டி இருந்தால் கன மீற்றருக்கு 600 கிலோ, அது பரவாயில்லை. அதைவிட நன்றாகக் கூடினால் பருமனான பொருள் சேர்க்கத்தான் வேண்டும். மரத்தூளைக் கொட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்; அது நீரை உறிஞ்சுமே தவிர இடைவெளி தராது. நறுக்கிய தேங்காய் மட்டையும் அரைத்த மரக்கிளையும்தான் காற்றுக்கு வழி விடும். மழைக்காலத்தில் குவியலின் உச்சியைக் கூரைபோல் கூராக்கி, உயரத்தையும் ஒன்றரை மீற்றராகக் குறையுங்கள்.

பதில் 2: ஆய்வுகூடத்து அக்கா

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அளவீட்டிலும் பிழை இருக்கிறது. ஒரு சாண் ஆழத்து ஒற்றை இலக்கத்தை வைத்துக் குவியலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரு மீற்றர் நீளமான உலோகக் கோல் வெப்பமானியால் குவியலின் இரு பக்கமும், மேல், நடு, அடி என எட்டு இடங்களிலாவது அளந்து, புரட்டிய நேரத்தையும் மழையையும் பதிவேட்டின் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். வெப்பமானியையும் சோதியுங்கள்: உருகும் பனிக்கட்டி நீரில் 0, கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் கொதிநீரில் 100 காட்ட வேண்டும்.

நோய்க்கிருமிகள் அழிய, திறந்த நீள்குவியலில் 55 பாகையோ அதற்கு மேலோ 15 நாட்கள் நிலைத்திருக்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவையாவது புரட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வகுக்கப்பட்டுப் பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. வெளிப்புறம் உள்ளே போய்ச் சூடேற வேண்டும் என்பதற்காகவே அந்த ஐந்து தடவை. நாற்றத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள்: அமோனியா மூக்கில் ஏறினால் நைதரசன் மிகை; அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

பதில் 3: அயல்வீட்டுக்காரர்

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் அல்லன். வேறொரு குப்பை நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி வசிப்பவன். விடியற்காலையில் காற்று அசையாத நேரத்தில் புரட்டினால் அந்த நாற்றம் எங்கள் குசினிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கிய பின் புரட்டினால் அவ்வளவு தெரிவதில்லை. உயரத்தைக் குறைக்கச் சொன்னதும் நல்லது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்ததை நாங்கள் மறக்கவில்லை. பசளைக் குவியலும் அந்த மலையும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும் உயரமான எதைப் பார்த்தாலும் மனம் அங்கேதான் போகிறது.

மேற்பார்வையாளன்

எல்லோருக்கும் நன்றி. வாளி 15 கிலோ காட்டியது. கொதிநீரில் எங்கள் வெப்பமானி 97தான் காட்டியது. ஆகவே இதுவரை எழுதிய எல்லா இலக்கங்களும் கொஞ்சம் குறைவு. புதிதாக வாங்கிய கோல் வெப்பமானியால் அளந்தபோது, ஒரே குவியலின் மேற்பக்கம் 57, நடு 41, அடி 36. ஒரு குவியலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு மட்டையும் கிளைத்துண்டும் கலந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் மறுபடி கட்டினோம்; நான்காம் நாளில் எட்டு இடங்களிலும் 56க்கும் 63க்கும் இடையில் இருந்தது. மற்றக் குவியல்களுக்கு மட்டை போதாது. உக்கிய பசளையைச் சலிக்கும்போது சல்லடையில் மிஞ்சும் பருமனான துண்டுகளைத் திரும்பச் சேர்க்கலாம் என்றால், அவற்றில் பொலித்தீன் நிறைய இருக்கிறது.

பழைய பெக்கோ

சேர்க்கலாம், தம்பி; அவற்றில் நுண்ணுயிர்களும் ஏற்கனவே குடியிருப்பதால் புதிய குவியல் விரைவாகச் சூடேறும். ஆனால் கூரையின் கீழ் இரண்டு நாள் காயவிட்டு, பொலித்தீனைப் பொறுக்கிய பிறகே சேருங்கள். ஈரத்தோடு பொறுக்க முயன்றால் அது துண்டுகளோடு ஒட்டிக்கொள்ளும்; பிரிந்து வராது.