அம்பாறைக்கு ஒரே வீதம் போட ஏலாது

தம்பி: அம்பாறை மாவட்டத்துல 60 பேரிட்ட "பொலிஸ், நீதிமன்றம், பிரதேச செயலகத்துல நம்பிக்கை இருக்கா" எண்டு கேக்கப் போறன். கேள்வித் தாள் போட்டிருக்கன், ஒருக்காப் பாருங்க.

ரீச்சரக்கா: பாத்தன் மனே. முதல்ல ஆள்க்கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டுல முஸ்லிம்கள் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. உன்ட 60 பேருக்குள்ள தமிழர் 10 பேர்தான் வருவாங்க. அத வெச்சித் தமிழர்ர கணக்குச் சொன்னா, வாற வீதம் 30 புள்ளி அங்கால இஞ்சால போகும்.

ரீச்சரக்கா: ஒவ்வொரு சமூகத்துலயும் 100 பேர் எடு, 10 புள்ளிக்குள்ள நிக்கும். மறுகா மாவட்டத்துக்கு மொத்தமாச் சொல்லக்குள்ள 43, 39, 17 எண்ட பங்குக்கு நிறை போடு, எண்டா ஒவ்வொரு சமூகத்துட வீதத்தையும் அதுட பங்கால பெருக்கிக் கூட்டு. போடாட்டித் தமிழர்ர குரல் இரண்டு மடங்காத் தெரியும்.

காக்கா: தம்பி, கல்முனையில வடக்குப் பிரதேச செயலகத்தத் தனிச் செயலகமா ஆக்கிறதா இல்லையா எண்டு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பிரச்சினை இருக்கக்குள்ள "செயலகத்த நம்புறீங்களா" எண்டு கேட்டா ஒபிசப் பத்தின பதில் வராது. எந்தப் பக்கம் எண்ட பதில்தான் வரும். இப்பிடிக் கேளுங்க: கடைசி 12 மாசத்துல என்ன அலுவலுக்குப் போனீங்க, எத்தின தரம் அலைஞ்சீங்க, கடதாசி உங்கட மொழியில வந்திச்சா?

காக்கா: கேக்கப் போற புள்ள தமிழா, முஸ்லிமா, சிங்களமா எண்டதயும் தாள்ல குறிங்க. வேற ஊர்ப் புள்ளைக்கு ஆக்கள் மரியாதைக்குப் பதில் சொல்லுவாங்க.

தம்பி: "நம்பிக்கை" எண்ட சொல்ல எடுத்திரவா?

ரீச்சரக்கா: ஓம், தனியா விடாத. காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கடதாசி குடுத்த தாய் "நம்பிக்கை இருக்கு" எண்டா, அது பிள்ளை வரும் எண்டது. அலுவலகத்துக்குப் புள்ளி போட்டிராத. "வளவுக்குள்ள களவு போனா முதல்ல ஆர்ட்டப் போவீங்க? பொலிஸா, விதானையாரா (கிராம சேவகர்), கோயில் பள்ளி நிருவாகமா?" எண்டு கேள்.

காக்கா: "தெரியாது" வேற, "சொல்ல விருப்பமில்ல" வேற. இரண்டு கட்டம் போடுங்க. பயத்துலயும் தெரியாது எண்டுதான் சொல்லுவாங்க. பக்கத்துல மாமா நிண்டா அதையும் எழுதுங்க.

தம்பி: உகணை, மகாஓயாவுக்குச் சிங்களத் தாள் செய்யோணும்.

ரீச்சரக்கா: செஞ்சு முடிச்சதும் தமிழ்த் தாளக் காணாத ஒராளிட்டக் குடுத்து, சிங்களத்துல இருந்து திரும்பத் தமிழாக்கச் சொல்லு. எந்தக் கேள்வி மாறி வருதோ அத மட்டும் இஞ்ச போடு, இரவைக்குப் பாக்கிறன்.